கிண்ணத்தை விட்டுப்போன திருடன்

நோரீன் கோக்லனுக்கு அன்று காலையிலிருந்தே எதுவும் பிடிக்கவில்லை. வானம் மழை வருவதாகப் பயமுறுத்திவிட்டு வெறும் புழுக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தது. மெரிண்டா பல்கலைக்கழக வேதியியல் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. பொய்யாக முதுகு வலிக்கிறது என்று காப்பீட்டுப் பணம் கேட்பவர்களைப் பாதி ஆயுள் துரத்தியதில், நிஜமாகவே முட்டி தேய்ந்துபோனது அவளுக்குத்தான்.

"மூணே மாடிதான், அம்மணி," என்றான் ஸ்டாவ். "வேணும்னா தூக்கிக்கிட்டுப் போறேன். அதுக்குத் தனி சார்ஜ்."

"மூச்ச மிச்சம் பிடி. மேல போய்ப் பேசணும்."

"பேசுறதுக்கு எனக்கு எப்ப மூச்சு தேவைப்பட்டிருக்கு?"

ஸ்டாவ் என்கிற ஸ்டாவ்ரோஸ் அவளுடைய உதவியாளன். அப்பாவின் மீன் வறுவல் கடையில் நிற்க மாட்டேன் என்று சபதம் போட்டு, அதைவிடப் பிசுபிசுப்பான இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவன். வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆனால் கண் கூர்மை. அதற்காகத்தான் நோரீன் அவனை வைத்திருந்தாள்.

பேராசிரியர் டக்ளஸ் ஃபென்விக்கின் ஆய்வுக்கூடத்து ஜன்னலில் கடல் தெரிந்தது. நிலக்கரி ஏற்றுவதற்குக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக நின்றன. ஃபென்விக்கின் அப்பா சுரங்கத் தொழிலாளி. நுரையீரல் முழுக்கக் கரித்தூளோடு செத்தவர். அந்தக் கப்பல்களைக் காலியாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காகவே மகன் வேதியியல் படித்தார் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது தலை முழுக்க நரைத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, தூங்கிப் பல நாளான மனிதராக இருந்தார்.

"இதப் பாருங்க," என்று இரண்டு கண்ணாடி ஜாடிகளைக் காட்டினார். இரண்டிலும் அமிலத் தண்ணீர், இரண்டிலும் கரும்பொடி பூசிய ஒரு சின்னத் தகடு. ஒன்றில் தகட்டைச் சுற்றிக் குமிழிகள் பொங்கிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் அசைவே இல்லை.

"குமிழி வருதே, அதுதான் ஹைட்ரஜன். தண்ணியப் பிரிச்சு எடுக்குறது. இதுக்கு உலகம் பூரா பிளாட்டினம் போடுறாங்க. யானை விலை. நம்ம பொடில பிளாட்டினம் ஒரு துளிகூடக் கெடையாது. ஆனா அதுக்குச் சமமா ஓடும். ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"இப்ப?"

"பழைய தகடெல்லாம் இன்னும் ஓடுது. கொஞ்ச நாளா புதுசா எது பூசினாலும் செத்துப் போகுது. அதே பொடி, அதே கை. யாரோ பொடில எதையோ கலக்குறாங்க, நோரீன். நாளைக்கு சிட்னிலேர்ந்து கம்பெனிக்காரங்க கையெழுத்துப் போட வர்றாங்க. அவங்க முன்னாடி புதுத் தகடு பூசி ஓட்டிக் காட்டணும்."

"அதே கைன்னீங்களே, யார் கை?"

ஃபென்விக் குரலைத் தாழ்த்தினார். "பர்வானே. ஈரான்லேர்ந்து வந்து எங்கிட்ட டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பொண்ணு. பொடி அரைக்கிறது, பூசுறது எல்லாம் அவதான். கோடை லீவு முடிஞ்சதும் எங்களுக்குள்ள ஒரு சண்டை. இன்னும் சோதிக்கணும், அவசரப்படாதீங்கன்னா. நான் கேக்கல. அந்தக் கோவம்தான்னு நெனைக்கிறேன். நாளைக்குக் காலைக்குள்ள வேற ஆளுன்னு நீங்க காட்டலேன்னா, அவள வெளிய அனுப்ப வேண்டியதுதான்."

"அனுப்பினா?"

"படிப்பு போகும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "படிப்பு போனா விசாவும் போகும்."

அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார். நோரீனுக்கு அந்த இடத்திலேயே சலிப்புத் தட்டியது. பயந்துபோன பெரிய மனிதர்கள் கையருகே இருக்கும் சின்ன ஆளைத்தான் முதலில் பிடிப்பார்கள். இதை எத்தனையோ அலுவலகத்தில் பார்த்தாயிற்று.

"வேற ஏதாவது காணாமப் போச்சா?" என்று ஸ்டாவ் சும்மா கேட்டான்.

"ஒரு சில்லறைத் திருட்டு நடந்துச்சு. பிளாட்டினம் கம்பி கொஞ்சம். அது வேற விஷயம்."

"எப்ப?" என்றாள் நோரீன்.

"இந்தத் தொல்லை ஆரம்பிச்ச அதே வாரம்."

"ஒரே வாரத்துல நடந்த ரெண்டு விஷயத்த வேற வேறன்னு சொன்னவங்க நிறையப் பேர எனக்குத் தெரியும். பாதிப் பேர் இப்ப உள்ள இருக்காங்க. அந்த இடத்தக் காட்டுங்க."

ஃபென்விக் ஒரு இழுப்பறையைத் திறந்தார். பூட்டு உடையவில்லை. சாவி எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கியது. உள்ளே பஞ்சு வைத்த காலிப் பெட்டி ஒன்று. பக்கத்திலேயே முட்டை வைக்கிற அளவுக்கு ஒரு வெள்ளி நிறக் கிண்ணம்.

"இது என்ன?"

"உருக்குறதுக்கு வச்சிருக்குற கிண்ணம். அதுவும் பிளாட்டினம்தான்."

"கம்பியவிட எடை ஜாஸ்தியா?"

"எல்லாக் கம்பியும் சேர்ந்தாலும் இதுல கால்வாசி வராது."

ஸ்டாவ் விசிலடித்தான். "ஃபிரிட்ஜத் திறந்து, பீர விட்டுட்டு, எலுமிச்சைத் துண்ட மட்டும் எடுத்துட்டுப் போன திருடன். இவன நேர்ல பாத்துக் கை குலுக்கணும்."

"கம்பி இல்லாம வேலைய எப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்டாள் நோரீன்.

"கம்பி சும்மா அதே ஜாடில தகட்டுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறது. மின்சாரம் சுத்தி வர ஏதாவது ஒண்ணு வேணும், அவ்வளவுதான். புதுக் கம்பி வர நாளாகும்னாங்க. கார்பன் குச்சியப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன்." அதை ஒரு பொருட்டாகவே அவர் நினைக்கவில்லை.

காலை டீக்கு மணி அடித்தது. அந்தக் கட்டடத்தில் எது நின்றாலும் காலை டீ நிற்காது. வெள்ளை அங்கிகளை வெளியே மாட்டிவிட்டு எல்லோரும் டீ அறைக்குள் நுழைந்தார்கள். மேஜையில் வாழைப்பழக் கேக் ஒன்று இருந்தது. சிவந்த காதுகளோடு ஒரு பையன் பக்கத்தில் நின்றான்.

"என்ன, பிறந்தநாளா?" என்றான் ஸ்டாவ்.

"குடுவைய உடைச்சுட்டான்," என்று பதில் சொன்னாள் ஜன்னலோரம் நின்றிருந்த பெண். "உடைச்சவங்க, தப்புப் பண்ணவங்க மறுநாள் கேக் கொண்டுவரணும். எல்லார் முன்னாடியும் என்ன பண்ணேன்னு சொல்லணும். அப்புறம் முதல் துண்டு அவங்களுக்கே. அத்தோட அந்தப் பேச்ச யாரும் மறுபடி எடுக்கக் கூடாது."

"நல்ல சட்டமா இருக்கே. உங்க டக் நிறைய கேக் செஞ்சிருப்பாரே?"

"புரொஃபசரா? நான் வந்ததுலேர்ந்து அவர் எதையும் உடைச்சதில்ல."

அங்கே துப்புரவுக்காரர் வரை எல்லோரும் டக்ளஸ் ஃபென்விக்கைச் சுருக்கமாக டக் என்றுதான் கூப்பிட்டார்கள். இவள் மட்டும் புரொஃபசர் என்றாள். இவள்தான் பர்வானே என்று நோரீனுக்குப் புரிந்துவிட்டது. மெலிந்த பெண். டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தூக்கிக் கட்டிய கொண்டையில் ஒரு தடித்த பேனா சொருகியிருந்தது.

"கம்பி திருடு போச்சாமே, யாரா இருக்கும்?" என்றாள் நோரீன்.

"தெரியல."

"கிண்ணத்த விட்டுட்டுப் போயிருக்காங்க."

"ஆமா," என்றாள் பர்வானே. அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்பதுபோல டீயை ஒரு வாய் குடித்தாள்.

"உங்க நம்பர் குடுங்க. ஏதாவது கேக்கணும்னா கூப்பிடுறோம்."

பர்வானே காகித நாப்கினை எடுத்தாள். ஸ்டாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை வாங்கி எழுதிவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாடிப்படி இறங்கும்போது ஸ்டாவ் முணுமுணுத்தான். "தலையில ஒரு பேனா இருக்கு. எழுதுறதுக்கு மட்டும் என் பேனா வேணுமாம். பெரிய படிப்புப் படிச்சவங்களே இப்படித்தான்."

நோரீன் நடுப்படியில் ஒரு கணம் நின்றாள். முட்டி வலியால் நிற்கிறாள் என்று ஸ்டாவ் நினைத்தான்.

பிளாட்டினத்தைத் தூக்கியவன் எங்கே போவான்? பழைய தங்கம் வாங்கும் கடைக்கு. அந்த ஊரில் அப்படிப்பட்ட கடைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அடகுக் கடையில் ஒருவன் முறைத்தான். சந்தை வாசலில் ஒருத்தி ஸ்டாவின் கைக்கடிகாரத்துக்கு விலை பேசினாள். கடைசியில் பிரதான தெருவில் லெபனான்காரர் ஹத்தாத்தின் நகைக்கடை.

"பிளாட்டினம் கம்பியா? வந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு விக்க வரல," என்றார் ஹத்தாத்.

"பின்ன?"

"அளந்து சொல்லச் சொன்னா. எங்கிட்ட மெல்லிசுக் கம்பி அளக்குற கருவி இருக்கு. நல்ல விலை தர்றேன்னேன், காதுலயே வாங்கிக்கல. கம்பியோட ஒரு நுனி தடிமனா இருந்துச்சு. இன்னொரு நுனி பிள்ளைங்க சப்பிப் போட்ட ஐஸ் குச்சி மாதிரி மெலிஞ்சு போயிருந்துச்சு. அளவச் சொன்னேன். அங்கேயே ஸ்டூல்ல உக்காந்து அழுதுட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. காப்பி போட்டுக் குடுத்தேன்."

"பாக்க எப்படி இருந்தா?"

"ஒல்லியா. கொண்டையில பேனா சொருகியிருந்தா."

வெளியே வந்ததும் ஸ்டாவ் தலையைச் சொறிந்தான். "முடிஞ்சுது, அம்மணி. திருடி அவதான். அந்த ஆள் சொன்னதுதான் சரி."

"வண்டிய எடு. எங்கயாவது கடல் ஓரமா நிறுத்து. பசிக்குது."

கடலைப் பார்த்து நிறுத்திவிட்டு இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' வாங்கிச் சாப்பிட்டார்கள். கப்பல்கள் இருந்த இடத்திலேயே நின்றன. நோரீனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துக் கொடுக்க மனமில்லை. ஆனால் மனமில்லை என்று அறிக்கையில் எழுத முடியாது.

"அளக்குற கருவி ஆய்வுக்கூடத்துலயே இருக்குமே. ஏன் நகைக்கடைக்குப் போனா?" என்றாள்.

"அங்க அளந்தா பக்கத்துல இருக்கிறவன் ஏன்னு கேப்பான்."

"சரி. கம்பி ஏன் மெலிஞ்சுது?"

"டயட்ல இருந்திருக்கும்."

"மெலிஞ்சா அந்தச் சதை எங்கயாவது போயிருக்கணும் இல்லடா?"

ஸ்டாவ் மென்றுகொண்டே யோசித்தான். "எங்க சித்தி ஒருத்தி இருக்கா. ஈஸ்டருக்கு முன்னாடி விரத நாள்ல பருப்பு சூப் வைப்பா. இறைச்சி வாசமே கூடாது. தேவாலயமே அந்த சூப்புக்கு அடிமை. பாதிரியார் ரெண்டு தடவ வாங்கிக் குடிப்பார். அவங்கவங்க வீட்டுல வச்சா அந்த ருசி வராது. நான் ஒரு நாள் பானைக்குள்ள கரண்டிய விட்டேன். அடியில இத்தனை பெரிய பன்றி எலும்பு. எலும்ப எடுத்தா சூப் வெறும் பருப்புத் தண்ணி. நான் யார்கிட்டயும்…"

நிறுத்தினான். நோரீன் கையில் பாதி கடித்த 'பை' அப்படியே இருந்தது.

"பழைய தகடு ஓடுது. புதுத் தகடு ஓடல. பழைய தகடு எல்லாம் கம்பியோட ஒரே ஜாடில கெடந்தது. புதுசு கம்பியக் கண்ணால பாத்ததே இல்ல," என்றாள்.

"அம்மணி," என்றான் ஸ்டாவ் மெதுவாக. "பொடிக்கு ருசியே இல்ல. எலும்புதான்."

பர்வானே கட்டடத்துக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நோரீன் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியை நீட்டிக்கொண்டாள்.

"அந்தப் பேனா எழுதாது, இல்லையா?"

பர்வானே கொண்டையிலிருந்து பேனாவை உருவி, மூடியைத் திருகினாள். மை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிக் கம்பிகள் இருந்தன.

"மின்சாரம் ஓடும்போது கம்பி கொஞ்சம் கொஞ்சமா அமிலத்துல கரையுது," என்றாள். "கரைஞ்சது எதிர்ப்பக்கம் போய்ப் பொடி மேல படியுது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனா பிளாட்டினத்துக்கு அதுவே போதும். பேர் மட்டும் பொடிக்கு."

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அந்தச் சண்டையே அதுதான். ஒரு தடவை கம்பிய எடுத்துட்டு ஓட்டிப் பாக்கலாம் புரொஃபசர்னேன். கையெழுத்து நேரத்துல இது எதுக்குன்னார். அவங்க அப்பாவப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

"அதனால கம்பியத் தூக்கிட்டீங்க," என்றான் ஸ்டாவ்.

"கம்பி இல்லேன்னா கார்பன் போடச் சொல்வார்னு தெரியும். சொன்னார். புதுத் தகடு செத்துச்சு. அவரே பாப்பார், அவருக்கே புரியும்னு காத்துக்கிட்டு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவர் துப்பறியுற ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வந்தார்."

ஸ்டாவ் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இத நான் சொன்னா என் நாலு வருஷமும் போச்சு. அந்தக் கட்டுரையில முதல் பேரே என்னோடதுதான். சொல்லலேன்னா நான் திருடி. எப்படியும் நாளைக்குப் பெட்டி கட்டணும். எது கௌரவமான வழின்னுதான் இங்க உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"பேனாவ எங்கிட்டக் குடும்மா," என்றாள் நோரீன்.

மூன்று மாடி மறுபடி. ஃபென்விக் பழைய தகட்டின் முன்னால் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொடில யார் கலந்தாங்கன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க," என்றாள் நோரீன். "கண்டுபிடிச்சுட்டேன். புதுசுல யாரும் எதையும் கலக்கல. பழசுலதான் கலந்திருக்கு. கலந்தது நீங்க."

பேனாவைத் திருகி, கம்பிகளை மேஜையில் கொட்டினாள். ஃபென்விக் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தடித்த நுனியைத் தடவினார். மெலிந்த நுனியைத் தடவினார். நோரீன் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். தேவைப்படவில்லை.

"மூணாம் வருஷப் பசங்களுக்கு வருஷா வருஷம் இந்தக் கேள்விய வைப்பேன்," என்றார். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "பிளாட்டினம் இல்லாத பொடியச் சோதிக்கும்போது எதிர்ப்பக்கம் எதை வைக்கக் கூடாது, ஏன். தப்பா எழுதினவனுக்கு ஒரு மார்க்கூடப் போட மாட்டேன்."

"அப்புறம் எப்படி?" என்றான் ஸ்டாவ். கேலி இல்லாமல்தான் கேட்டான்.

"முதல் நாள் சும்மா ஒரு அவசரச் சோதனை. இழுப்பறையில எது கெடச்சுதோ அதப் போட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னு நெனச்சேன். ஆனா நுரைச்சுது, தம்பி. அப்படி நுரைச்சுது. நுரைக்கிறத எவன் மாத்துவான்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சுப் பெட்டியில் வைத்தார். நோரீனுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. களைப்பாக இருந்தது.

"இது பர்வானே பேனா. அவள எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் கடைசியில்.

"யாரையும் கண்டுபிடிக்கல. கம்பி கெடச்சுது, அவ்வளவுதான். நாளைக்கு நீங்க என்ன சொல்றீங்களோ, அதுக்கப்புறம் என் அறிக்கைய எழுதுறேன். ஆனா ஒண்ணு. பழைய தகட்ட ஓட்டிக் காட்டி அவங்க கையெழுத்த வாங்கினீங்கன்னா, நான் வேற மாதிரி எழுதுவேன்."

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை டீக்குச் சிட்னிக்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். கோட்டு போட்ட இரண்டு ஆண்கள், ஒரு பெண். பர்வானே சுவரோரம் நின்றாள். தலையில் பேனா இல்லாததால் முடி தோளில் அவிழ்ந்து கிடந்தது. விடியும்வரை பெட்டி கட்டியவளின் முகம். நோரீனும் ஸ்டாவும் கதவருகே நின்றார்கள்.

ஃபென்விக் உள்ளே வந்தார். கையில் ஒரு கேக். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அதை மேஜை நடுவில் வைத்தார்.

"யாரு டக், யாரு உடைச்சது?" என்றான் குடுவை உடைத்த பையன்.

"நான்."

சிரிக்கத் தொடங்கிய இரண்டொருவர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கம்பி, அமிலம், பொடி, பரீட்சைக் கேள்வி. எதையும் பூசி மெழுகவில்லை. நம்மிடம் ஒரு கண்டுபிடிப்பும் இல்லை, கையெழுத்துப் போட வேண்டாம் என்று கோட்டுக்காரர்களைப் பார்த்தே சொன்னார். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற அன்றே எழுதுவதாகவும், முழுத் தப்பும் தன்னுடையது என்றும் சொன்னார். கோட்டுப் போட்ட பெண் கோப்பையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

"கம்பி விஷயமா ஒரு பேச்சு ஓடிச்சு," என்றார் ஃபென்விக். "கம்பியத் திருடினது யாரும் இல்ல. சந்தேகம் வந்து, எடுத்துப் பார்னு நான்தான் பர்வானேகிட்ட சொல்லி வச்சிருந்தேன். ரகசியமா செய்யச் சொன்னதும் நான்தான். மெலிஞ்ச கம்பி நம்மள எப்படி ஏமாத்துச்சுன்னு அவதான் கண்டுபிடிச்சா. இனிமே அவ ஆராய்ச்சியே அதுதான். நான் இங்க இருக்குற வரைக்கும் அதுக்கு நான் பொறுப்பு."

ஸ்டாவ் நோரீனின் காதருகே குனிந்தான். "அம்மணி, எடுக்கச் சொன்னதே நான்தான்னாரே, அது பொய்."

"தெரியும்."

"அறிக்கையில என்ன எழுதப் போறீங்க?"

"முட்டி வலி. பேனா பிடிக்க முடியல."

"பேனாவ முட்டியிலயா பிடிப்பாங்க?"

"வாய மூடு."

ஃபென்விக் கத்தியை எடுத்தார். கேக்கின் மேல் கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றார், அழுத்த முடியவில்லை. பர்வானே சுவரை விட்டு நகர்ந்து வந்து, அவர் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். பெரிதாக ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"முதல் துண்டு உடைச்சவங்களுக்கு, டக்," என்றாள்.